மூன்று டிச் பட்டன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தெருவில் ஓடினால் பிடிக்க முடியாது. அன்றைக்குக் குண்டு என்று சொன்ன அதே வாய்கள் இன்றைக்கு, "ஏனுங்க, புள்ள இப்படி எளச்சுக் கெடக்குது" என்கின்றன. அதையெல்லாம் இப்போது காதில் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அவளுடைய ஐந்தாவது மாதத்தில், சரியாக முப்பத்தைந்து நாட்கள். என் வீட்டுக்காரரிடம் அதைப் பற்றிப் பாதி சொல்லியிருக்கிறேன், நர்ஸம்மாவிடம் முக்கால்வாசி. முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் செக்கிங்கில் இருந்தவள். வீரபாண்டி பக்கம் குழந்தை உடுப்பு மட்டுமே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, இஞ்ச் டேப் வைத்து, கொடுத்திருக்கிற அளவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது வேலை. அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். எனக்கு டேப்பே தேவையில்லை, கையில் எடுத்தாலே தெரியும் என்று பேர் வாங்கியிருந்தேன். வாங்குபவர்களின் ஆட்கள் ஆய்வுக்கு வந்தால் எங்கள் இன்சார்ஜ் அக்கா என்னைக் கைகாட்டி, "அவுங்க பாத்துட்டா நீங்க பாக்கவே வேண்டாமுங்க" என்பார். எனக்குத் தலைக்குள் காற்று ஏறிவிடும். அப்படி ஏறியதுதான் இறங்கவில்லை.

பிரசவத்துக்கு மங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே வீட்டை ஒட்டியே தறிக்கூடம். குழந்தை அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்குவாள், கரண்டு போய்த் தறி நின்றால் வீறிட்டு எழுவாள். எழுந்தால் பால். பால் முடிந்தால் தூக்கம். பிறக்கும்போது மூன்றே கால் கிலோ இருந்தவள், மூன்றரை மாதத்துத் தடுப்பூசிக்குப் போனபோது ஏழே முக்கால் ஆகியிருந்தாள். ஊசி போட்ட நர்ஸம்மா தென்காசிப் பக்கத்துக்காரர். அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "நல்லா இருக்கா, கேட்கும்போதெல்லாம் குடு" என்று அனுப்பிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

திரும்ப எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கார அக்கா மாடியில் இருந்து இறங்கி வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கியதும் முதுகை ஒருமுறை வளைத்துக்கொண்டார், வேண்டுமென்றேதான்.

"என்னங்க கண்ணு இது, தூக்கறதுக்கு ஆள் வெக்கோணுமாட்ட இருக்குது! நெம்பக் குண்டாயிட்டாளே. வெறும் தாய்ப்பாலுக்கா இப்படி?"

"ஆமாங்க்கா, வேற ஒண்ணுமே குடுக்கறதில்லீங்க."

"அப்பறம் எப்படிங்க? எங்க பெரியம்மா பேரன் இப்படித்தான் ஊதிக்கிட்டுப் போனான். இப்ப பத்து வயசுல மூச்சு வாங்குது பாத்துக்கோங்க."

கேலியாகத்தான் சொன்னார். போகும்போது கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு அந்தப் பத்து வயதுப் பையனின் மூச்சு கேட்க ஆரம்பித்துவிட்டது. அன்று பகல் முழுவதும் போனில் குண்டுக் குழந்தைகளைப் பற்றித் தேடினேன். கேட்டதற்குப் பத்து மடங்காகக் கொடுத்தது அது. சர்க்கரை, மூட்டு வலி, நடை தாமதம் என்று வீடியோவில் ஒவ்வொருவராக வந்து பயமுறுத்தினார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை முதல் சில மாதங்களில் இப்படி மளமளவென்று ஏறுவது சாதாரணம் என்று ஒரே ஒரு டாக்டரம்மா சொன்னார். அவர் பேசியதைப் பாதியிலேயே தள்ளிவிட்டேன். பயப்பட வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு ஆறுதல் எதற்கு?

பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த ரோம்பர்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ரோம்பர் என்றால் சட்டையும் ஜட்டியும் ஒன்றாக இருக்கும் உடுப்பு. காலுக்கு நடுவே, அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் மூன்று டிச் பட்டன் வைத்து மூடுவது. நான் ஏழு மாதமாக இருந்தபோது கம்பெனியில் ஒரு லாட் ரிஜக்ட் ஆகி, அதில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் ஆறு எடுத்தேன். திருப்பூரில் எந்தக் குழந்தை ரிஜக்ட் பீஸ் போடாமல் வளர்ந்தது? ஒரு நூல் விட்டிருக்கும், ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இருக்கும், வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஆகாதது நம் குழந்தைக்கு ஆகும். பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் யாருக்கும் காட்டாமல் கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் செருகிவிட்டேன். செருகியதை மறந்தும் போனேன்.

மஞ்சள் துணி, நெஞ்சில் ஒரு வாத்து. கழுத்து லேபிளில் ஆறிலிருந்து ஒன்பது மாதம் என்று இருந்தது. குழந்தைக்கு அப்போது நான்கு மாதம் முடிந்திருந்தது. தலை நுழைந்தது, கை நுழைந்தது. கீழே இழுத்து பட்டனைப் போடப் போனால் எட்டவில்லை. ஒரு பட்டன்கூட எட்டவில்லை. துணியை இழுத்துப் பிடித்ததில் தோள் இரண்டும் குறுகிப்போக, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பது மாதக் குழந்தைக்கான உடுப்பு நான்கு மாதக் குழந்தைக்குப் பற்றவில்லை. வீட்டுக்கார அக்கா சொன்னால் கேலி, போன் சொன்னால் சந்தேகம், அளவு சொல்லிவிட்டால் எனக்கு அப்பீல் கிடையாது. கைப்பையில் எப்போதோ தங்கிப்போன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அவள் தொடை மடிப்பில் ஒட்டிப் படம் பிடித்து எங்கள் செக்கிங் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். விளையாட்டாகத்தான் செய்தேன். எல்லோரும் சிரிக்கிற முகப் பொம்மைகளாக அனுப்பினார்கள். ஒருத்தி, தப்பான பீஸைத் திருத்தச் சொல்வதுபோல், "ஆல்ட்டருக்கு அனுப்புங்க" என்று எழுதியிருந்தாள். இன்சார்ஜ் அக்கா மட்டும் சிரிப்போடு ஒரு வரி சேர்த்திருந்தார். "நீங்க எப்பங்க வர்றீங்க? உங்க மேஜ காலியா இருக்குது."

அந்த ஒரு வரியைத்தான் நான் வீட்டுக்காரருக்கும் நர்ஸம்மாவுக்கும் சொல்லாமல் விட்டேன்.

எனக்கு மேஜைக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது. சம்பளத்துக்காக என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது காரணமில்லை. வீட்டில் நான் செய்கிற எதுவும் சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மேஜையில் எல்லாம் தெரியும். குழந்தையைப் பகலில் அம்மாவிடம் மங்கலத்தில் விடலாம் என்று பேச்சு இருந்தது. அதற்கு அவள் பகலில் இரண்டு முறை பாலோடு இருக்கப் பழக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் வாயைத் திறக்கிற பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? குழந்தை குண்டாகிறாள், பாலைக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு எவ்வளவு தோதான கவலை என்று பாருங்கள். அவள் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு என் நல்லதைச் செய்துகொள்ளலாம். அன்றைக்கு இப்படித் தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன்.

கணக்கு இப்படி வைத்தேன். நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். நடுவில் அழுதால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், பாலாடைச் சங்கில். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் பால் கொடுப்பேன். முள் ஐந்து கட்டம் தாண்டியதும் சுண்டுவிரலை அவள் கடைவாயில் நுழைத்து மெல்ல விடுவிப்பேன். விடுவித்த பிறகும் அவள் உதடு கொஞ்ச நேரம் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் இருக்கத் தோளில் போட்டுக்கொள்வேன்.

முதல் வாரம் வீடே இடிந்துவிடும்போல் அழுதாள். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், பகலில் இருக்க மாட்டார். காலையில் கிளம்பும்போது அழுகையைக் கேட்டுத் தயங்கி நின்றார்.

"ஏம்புள்ள, பசிக்குதோ என்னமோ?"

"இல்லீங்க, பழக்கம். ரெண்டு நாள்ல சரியாயிரும். இப்படியே குடுத்துட்டிருந்தா ஒரு வயசுல தூக்க முடியாதுங்க."

"சரி, உனக்குத் தெரியாததா" என்று வண்டியை எடுத்தார். அளவு விஷயத்தில் என்னை அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது நான் பாலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாம் வாரத்தில் அழுகை குறைந்தது. மூன்றாம் வாரத்தில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தொட்டிலில் கிடந்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நெம்ப சமத்துங்க உங்க பொண்ணு, சத்தமே காணோம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நனைகிற துணி குறைந்து துவைக்கிற வேலை பாதியானதையும் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த மஞ்சள் ரோம்பரைப் போட்டுப் பார்ப்பேன். இளைத்திருந்தால் பட்டன் எட்ட வேண்டும் அல்லவா? எட்டவில்லை. கழற்றி, குழந்தைத் துணியாயிற்றே என்று வெந்நீரில் அலசி, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப்போட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி போடுவேன். முதல் வாரம் விரற்கடை இடைவெளி இருந்தது. மூன்றாவது வாரம் இரண்டு விரற்கடை ஆகிவிட்டது. பாலைக் குறைத்தும் இப்படி என்றால் குறைத்தது போதவில்லை என்று தோன்றியது. ஐந்து முறையை நான்காக்கினேன்.

ஐந்தாவது ஞாயிறு காலை குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிறு என் கையோடு வழுக்கி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கியது. கறுப்புக் கயிறு, அம்மா கட்டிவிட்டது. மங்கலத்தில் இருந்தபோதே இறுக்கிப் பிடித்துச் சிவப்புத் தடம் போடுகிறது என்று இரண்டு முறை தளர்த்திக் கட்டியிருந்தோம். கடைசியாகத் தளர்த்தியபோது ஒரு விரல்தான் நுழைந்தது. இப்போது மூன்று விரல் நுழைந்தது. தொடையில் இருந்த மடிப்புகளில் ஒன்றைக் காணவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய மடிப்பு அது.

ஈரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கயிறு இளைத்துவிட்டாள் என்கிறது. உடுப்பு குண்டாகிவிட்டாள் என்கிறது. ஒரே பீஸுக்கு இரண்டு அளவு வந்தால் பீஸைக் குறை சொல்லாதே, முதலில் அளக்கிற சாமானைப் பார் என்று புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மாதமாக நான் குழந்தையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். உடுப்பை ஒருமுறைகூட அளக்கவில்லை. லேபிளைப் படித்ததோடு சரி.

அவளைத் துவட்டிப் படுக்க வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன். தோளிலிருந்து பட்டன் வரை வைத்துப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட ஆறு சென்டிமீட்டர் குறைவு. பெட்டியில் இருந்த, துவைக்காத இன்னொரு பீஸை எடுத்து அளந்தேன். அதுவே இரண்டு குறைந்தது. மீதி நான்கு சென்டிமீட்டரைச் சுருக்கியது என் வெந்நீரும் வெயிலும்.

வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் முன்னால் போட்டேன். துணியை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது அந்த வாத்து லாட்டுதான? சரியா கம்பாக்ட் பண்ணாத துணி. தண்ணி பட்டாவே நீளம் சுருங்கிப் போகுமே." கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, நீதான இத ஃபெயில் போட்ட?"

நான்தான். நீளம் குறைவு, துவைத்தால் மேலும் சுருங்குகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். தூக்கி ஓரம் வைத்த பீஸை எடுத்து வந்து, அதற்குள் அடங்கவில்லை என்று பெற்ற பிள்ளையை ஃபெயில் போட்டிருக்கிறேன். அப்போதுதான் அவர் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பாலை எவ்வளவு குறைத்தாய் என்று கேட்டார். ஐந்து முறை என்றேன். நான்கு ஆக்கியதை அப்போதும் சொல்லவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அன்று முழுக்க அழுதுகொண்டே பால் கொடுக்கப் பார்த்தேன். பழையபடி சுரக்கவில்லை. மறுநாள் காலை, ஊசி போட்ட அதே மங்கலத்துச் சுகாதார நிலையத்தின் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

நர்ஸம்மா எடை போட்டார். ஏழே முக்கால். மூன்றரை மாதத்தில் இருந்த அதே எடை. நான்கு மாதத்தில் அங்கன்வாடியில் போட்டபோது எட்டு கிலோ இருந்தாள். அட்டையில் அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதை வைத்துவிட்டு, மூன்றையும் கோட்டால் சேர்த்தார். ஏறிய கோடு மடங்கி இறங்கியது. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் அதோடு போய்விட்டது.

"என்னம்மா ஆச்சு? காய்ச்சல், வயித்தால எதும் போச்சா?"

"இல்லீங்க."

"ஒண்ணுக்கு எத்தன தடவ போறா?"

"மூணு தடவைங்க. சில நாள் நாலு."

"பால் எத்தன தடவ குடுக்க?"

சொன்னேன். நான்கு முறை என்றும், ஐந்து நிமிடம் என்றும், தண்ணீர் என்றும் சொன்னேன். குண்டாகிவிடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்றேன். ரோம்பரைப் பற்றிச் சொன்னேன். மேஜையைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஆறு மாசம் முடியாத பிள்ளைக்குத் தண்ணி குடுக்கலாமா? தண்ணியில வயிறு ரொம்பிட்டா அது எப்படிம்மா பால் கேட்கும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு எது போதும்னு அதுக்குத் தெரியும். நாம நிறுத்தக் கூடாது. எட கூடுதேன்னு சந்தேகம் வந்தா எங்ககிட்ட வந்து கேட்கணும். நீயா ஒரு முடிவு எடுத்து..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டர் வந்ததும் அவரிடம் காட்டினார். டாக்டர் முழுதாகச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள், கடிகாரம் பார்க்காமல் பால் கொடுங்கள், கொடுக்கக் கொடுக்கத்தான் சுரக்கும், வாரா வாரம் எடைக்கு வாருங்கள் என்றார். வாரா வாரம் போனேன். மெல்ல ஏறியது. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் நான் மேஜைப் பக்கம் போகவில்லை. பிராயச்சித்தம் என்று நானாகவே வைத்துக்கொண்டதுதான், அவள் கேட்டாளா என்ன?

ஆனால் எனக்கு மறக்காதது அந்த எடையோ அட்டையோ இல்லை. டாக்டர் பார்த்து முடித்ததும் நர்ஸம்மா என்னை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்து, "இங்கனயே குடு, நான் பார்க்கணும்" என்றார். மடியில் போட்டதும் குழந்தை ஆவலாகப் பிடித்துக்கொண்டாள். நன்றாக விழுங்குகிற சத்தம் கேட்டது. அவள் தலையைத் தடவிக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் சாமி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவளாகவே வாயை எடுத்தாள். தூக்கம் வரவில்லை, கண் அகல விழித்திருந்தது. உதடு வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"என்ன, குடிச்சு முடிச்சிட்டாளா?" என்று நர்ஸம்மா எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன்.

அவள் என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு அவளை மறுபடி நெஞ்சோடு சேர்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.